ஒரே விலாசத்தில் மூவர்

பதினோரு மணிக்குச் சேதுமாதவனுக்கு விசா மெடிக்கல். மணி பத்தரை ஆகியும் துபாயில், தேராவிலிருந்த டேட்டா என்ட்ரி ஆபீசில் நாற்காலியை விட்டு எழாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் விழுந்தால் கலாஸ். விசா ரத்து, ஊருக்கு டிக்கெட். மூன்று வாரமாக இருமல். எட்டு மாதம் முன்பு, 2005 கடைசியில், மனைவி சந்திரகலா மதுரையில் காசநோயில் இறந்தாள். நாற்பது நாள் பக்கத்திலேயே இருந்தவன் அவன்.

வந்து வாய்த்த வேலையும் அப்படி. அமெரிக்காவில் யூதர்கள் நூறு வருஷத்துக்கு முன் கட்டிய தர்ம சானடோரியம் ஒன்று. ஏழைக் காசநோயாளிகளுக்கு மட்டும் இடம், வைத்தியம் இலவசம். அதன் வரலாற்றை எழுதுவதற்காகப் பழைய நோயாளி அட்டைகளை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். பெயர், தொழில், விலாசம், இருமல் தொடங்கிய மாதம், முடிவு. எல்லாவற்றையும் தட்டி ஏற்ற வேண்டும்.

“அண்ணே, இன்னும் கெளம்பலையா?” பக்கத்து நாற்காலி ஹாலிதா கேட்டாள். கீழக்கரைக்காரி.

“நாளைக்குப் போறேன்.”

“முந்தாநாளும் இதத்தான் சொன்னீக. ஊசின்னா பயமோ? பத்து மாசப் புள்ள, எம்மவனே அழாமப் போட்டுக்கிறான்.”

கைக்குட்டைக்குள் இருமிவிட்டுத் திரையைப் பார்த்தான். சிவப்புக் கோடு. ஒரே விலாசத்தில் மூன்று அட்டைகள். ஒரே ஆளை மும்முறை ஏற்றிவிட்டதாக எச்சரிக்கை. திறந்து பார்த்தான். மூன்று வெவ்வேறு ஆட்கள். ஒரே தையல் பட்டறையில், ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். ஒருவனுக்கு மார்ச்சில் இருமல். ‘வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறார்’ என்று ஓரத்தில் குறிப்பு. மற்ற இருவருக்கும் ஆகஸ்டில்.

முடிவைப் பார்த்தான். மறைத்தவன் குணமாகி வீடு போயிருந்தான். மற்ற இருவரும் அங்கேயே இறந்திருந்தார்கள்.

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான்.

“ஹாலிதா, தள்ளி உக்காருங்க.”

“ஏண்ணே?”

“சந்திரகலாவுக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னேன்ல. பொய். டி.பி. எனக்கும் இது வெறும் சளி இல்லைன்னு நெனைக்கிறேன். நீங்களும் எக்ஸ்ரே எடுத்துடுங்க. புள்ளையையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அவள் எழுந்துவிட்டாள். துப்பட்டா வாய்க்குப் போயிற்று.

“மூணு வாரமாப் பக்கத்துலேயே... போங்க. மொதல்ல போங்க.”

பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். லிஃப்ட் திறந்தே நின்றது. உள்ளே நான்கு பேர். ஒருவர் அவனுக்காக ஒதுங்கி இடம் விட்டார்.

தலையை அசைத்துவிட்டுப் படிகளில் இறங்கினான்.