காலி வளையம்

வளையம் என்றால் கையில் போடுவதில்லை. கார்பனும் நைட்ரஜனும் கைகோத்து வட்டமாக நிற்கும் மூலக்கூறு. நடுவில் ஒரே ஒரு உலோக அணு உட்கார இடம். அந்த இடத்தில் கோபால்ட்டை உட்கார வைப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சனியன், உட்காரவே மாட்டேன் என்றது.

காலியான வளையம் புறஊதா விளக்கில் செக்கச்செவேலென்று ஒளிர வேண்டும். அவள் செய்தது ஒவ்வொரு முறையும் இருட்டாகவே கிடந்தது. கோபால்ட் போடுவதற்கு முன்பே வேறு ஏதோ ஒன்று இடம்பிடித்து உட்கார்ந்துவிடுகிறது என்று அர்த்தம். எங்கிருந்து வந்து தொலைக்கிறது என்றுதான் தெரியவில்லை. இந்த வாரமும் வராவிட்டால் வேலையைப் பக்கத்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அழுக்காகத்தான் இருக்கும் என்று அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். வீட்டில் கழுவிக் கவிழ்த்த தட்டையே மறுபடி கழுவி அக்காவிடம் வாங்கிக்கட்டிக் கொள்கிறவள். இங்கே குடுவைகளை காய்ச்சி வடித்த நீரில் அலசியும் மனசு ஆறாமல், கடைசியாகச் சுடுதண்ணீர்க் குழாயில் ஒரு முறை காட்டுவாள். போன வருடம் வரை தாடியின் குடுவைகளையும் பாவம் பார்த்து அவள்தான் கழுவி வைத்தாள். தாடி என்று எல்லோரும் கூப்பிடும் பக்கத்து மேசைக்காரன் அவன். அவனும் வளையத்தோடு மல்லுக்கட்டி, ஒன்றும் தேறாமல், வேறு ஆராய்ச்சிக்கு மாறிவிட்டான். என் சாமானைத் தொடாதே என்று அப்போதே கறாராகச் சொல்லிவிட்டான். சோம்பேறிக்கு ரோஷத்தைப் பார் என்று அக்காவிடம் புலம்பினாள்.

இன்று அவளுடைய குடுவை கைதவறி உடைந்தது. அழுகை முட்டியது. தாடியின் அலமாரியில் இருந்ததை எடுத்தாள். அவன் வழக்கப்படி தண்ணீரே காட்டாமல் அசிட்டோன் கரைப்பானில் ஒரு குலுக்குக் குலுக்கிக் கவிழ்த்தது. எப்படியும் பாழ்தானே என்ற எரிச்சலில் கழுவாமலே வளையத்தைச் செய்தாள்.

விளக்கைப் போட்டதும் சிவந்து ஒளிர்ந்தது.

துள்ளிக் குதித்துக் கத்தத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் கழுவு தொட்டி கண்ணில் பட்டது. சுடுதண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே நீலப்பச்சைக் கறை. உள்ளே ஓடுவது பழைய செம்புக் குழாய். செம்பு அந்த வளையத்தில் ஒரு முறை உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. தன் கையாலேயே தினம் தினம் ஊற்றியிருக்கிறாள்.

தாடி உள்ளே வந்தவன் ஒளியைப் பார்த்து நின்றான்.

"வந்துடுச்சா? அது என் குடுவையாச்சே. அதை நான் சரியாக்கூட கழுவலையே."

"கழுவாததாலதான் வந்துச்சு," என்றாள். குழாயைக் காட்டினாள். "எல்லாம் இந்தத் தண்ணியில இருக்கிற செம்பு. போன வருஷம் உன்னோடதையும் இதுலதான் கழுவினேன்."

அவன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம்கூட வரவில்லை அவனுக்கு.

"அப்ப எனக்கும் வந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டான்.