திருடனை ஐயா என்றவள்

திபோருக்கு பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. எழுந்தால் பின்னாலிருந்து, "தலை மறைக்குது, உக்காரும்மா!" என்று சத்தம் வருகிறது. தலைத்துணியை நாலாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினாள். புத்தக வெளியீட்டு மேடையில் செமு ஃபாய் கஞ்சி போட்ட நீல அங்கியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் நூறு புத்தகம். நூறிலும் அட்டையில் அவன் பேர் மட்டும்.

பன்னிரண்டு வருஷம், சாமி, பன்னிரண்டு வருஷம்! கிணற்றடியில், கம்பு இடிக்கிற இடத்தில், மீன் சந்தையில், இழவு வீட்டில்கூட வெட்கமில்லாமல் நோட்டும் பேனாவுமாக நின்றவள் திபோர். அவள் தாய்மொழியான செரேரில் ஒரு வினைச்சொல்லை எடுத்து அதன் வாலில் ஒரு துண்டை ஒட்டினால் போதும், வேறு சொல் பிறந்துவிடும். 'கட்டு' என்பதற்கு ஒரு வால் வைத்தால் அவிழ்ப்பது. இன்னொரு வால் வைத்தால் அடுத்தவருக்காகக் கட்டுவது. வேறொன்று வைத்தால் போய்க் கட்டுவது. ஒரு வால் மேல் இன்னொரு வாலும் ஏறும். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் போன இடத்தில்தான் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஏழு நோட்டு நிரம்பியது. பஞ்சாயத்து ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிற செமுவிடம் கொடுத்து, "அடிச்சுக் குடுடா, கழுதை" என்றாள். அடித்தான். அட்டையில் யார் பேர் என்பது இன்று காலை பெட்டியைப் பிரித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கேட்காமல் விட்டாளா? வாசலிலேயே கேட்டாள்.

"அடே திருடா! என் புஸ்தகத்தத் திருடிட்டான், எல்லாரும் பாருங்க!"

சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? திபோரின் ஜூஃப் குடும்பமும் செமுவின் ஃபாய் குடும்பமும் தலைமுறை தலைமுறையாகக் கேலிமுறைக்காரர்கள். ஜூஃப் வீட்டுப் பெண் ஃபாய் வீட்டு ஆணைத் திருடன் என்பதும், அவன் பதிலுக்கு அவளைக் காராமணி தின்னி, அடிமை என்பதும் இங்கே வணக்கம் சொல்வது மாதிரி. அதற்குக் கோபித்துக்கொண்டால் மனுஷ ஜென்மத்திலேயே சேர்த்தியில்லை. ஒருத்தர் பொருளை ஒருத்தர் பிடுங்கிக்கொண்டும் போகலாம். போன வருஷம் செமுவின் சேவலைப் பிடித்துக் குழம்பு வைத்தவள் இந்தத் திபோர்தான்.

"வந்துட்டா காராமணி தின்னி!" என்று செமுவும் சிரித்தான். ஆனால் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

தேநீர் ஆற்றுகிற இடத்தில் மறுபடி அவனைப் பிடித்தாள். "செமு, நான் வெளையாடல."

"நானும்தான் வெளையாடல. எங்க வீட்டு அடிமை எழுதினா அது எங்க சொத்துதானே?"

தேநீர் ஆற்றியவன் சிரித்த சிரிப்பில் நுரையெல்லாம் மணலில் கொட்டியது. அந்தச் சிரிப்புக்குள் செமு நைசாக நழுவிப் போய்விட்டான். படுபாவி, ஒளிந்துகொள்ள எப்பேர்ப்பட்ட இடம் பார்த்திருக்கிறான்!

இப்போது பெஞ்சில் பக்கத்து வீட்டுத் தெனிங் அவள் தொடையில் தட்டினாள். "ஏண்டி, கால்ல எறும்பா? ஆட்டாம இரு."

"தெனிங், அவன் நெஜமாவே திருடிட்டான்டி."

"ஃபாய்னா வேற என்ன பண்ணுவான்?" என்று தெனிங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முப்பது வருஷத்துச் சிநேகிதியே இப்படி என்றால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? திபோருக்கு அழுகை முட்டியது.

தலைநகர் டக்காரிலிருந்து வந்திருந்த கல்வி அதிகாரி மைக்கைப் பிடித்தார். இந்தப் புத்தகம் செரேர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அச்சாகப் போகிறது, இன்றைக்கே ஒப்பந்தக் காகிதத்தைக் கொண்டு போகிறேன், எழுதியவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார். செமு பேனாவை எடுத்தான்.

திபோர் எழுந்துவிட்டாள். "போடாதடா திருடா!"

கூடம் குலுங்கியது. மேளக்காரன் ஒரு தட்டுத் தட்டினான். அதிகாரிக்கும் இந்தக் கூத்து தெரிந்ததுதான். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஜூஃப் இருக்காங்கப்பா!" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திட்டத் திட்ட அவனுக்குத்தான் பாதுகாப்பு. இன்னும் பெரிய வசையாக எடுத்து வீசினால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள், அவன் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவான். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். செருப்பைக் கழற்றி வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா," என்றாள். "செமு ஃபாய் ஐயா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க."

தெனிங்கின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏய், என்னடி இது? அவனப் போய் ஐயாங்கற?"

முன்வரிசை அமைதியானது. பிறகு நடுவரிசை. கடைசியில் வாசலில் நின்ற கூட்டமும். ஜூஃப் வீட்டுப் பெண் ஃபாய் வீட்டு ஆணிடம் மரியாதையாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. மரியாதை வந்துவிட்டால் கேலிமுறை அறுந்தது என்று அர்த்தம். செமுவின் முகம் வெளிறிப்போனது. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு சிரித்திருப்பான்.

"தயவுசெஞ்சு 'கட்டு'ங்கற சொல் இருக்கற பக்கத்தப் படிங்க ஐயா. சொல்லோட உதாரணத்தையும் சேத்துப் படிங்க."

"திபோர், என்ன இது... எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டுங்க. படிங்க."

அதிகாரியே அந்தப் பக்கத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். செமு படித்தான். "கட்டு. உதாரணம்: கோணக்கொம்பு ஆட்டைக் கட்டினேன். அவிழ். உதாரணம்: மாமியார் ஆட்டை அவிழ்த்தாள், அது ஊர்த்தலைவர் தொப்பியைத் தின்றது."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் மட்டும் தன் தலையைத் தடவிக்கொண்டு, "அது திபோர் வீட்டு ஆடுல்ல?" என்றார்.

"ஆமாங்க," என்றாள் திபோர். "அடுத்தத படிங்க ஐயா. அடுத்தவங்களுக்காகக் கட்டறது."

செமு பார்த்தான். அது லாத்திரைப் பற்றிய வரி. லாத்திர் திபோரின் புருஷன், செமுவின் உயிர்ச் சிநேகிதன். அவனைக் குழிக்குள் இறக்கிய நாலு பேரில் செமு ஒருத்தன். அடிக்கும்போது இந்த வரியைப் படித்தானோ, விரல் மட்டும் தட்டியதோ, யாருக்குத் தெரியும்.

"லாத்திர்," என்று தொடங்கினான். "லாத்திர் சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி..."

அதற்கு மேல் வரவில்லை. திபோர் தான் நின்ற இடத்திலிருந்தே மிச்சத்தைச் சொன்னாள். அவளுக்குப் புத்தகம் எதற்கு?

"...எனக்காக வேலி கட்டிக்கொடுத்தான்."

செமு புத்தகத்தை மூடினான். மைக்கைக் கிட்டே இழுத்தான். "இது முழுக்க திபோர் ஜூஃப் எழுதினது. நான் அடிச்சேன், அவ்வளவுதான். அவ பேர எடுத்தது நான்தான். கேட்டா சிரிச்சு மழுப்பிடலாம்னு நெனச்சேன்." பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

அதிகாரி காகிதத்தில் பேரை அடித்துத் திருத்தினார். திபோர் மேடையேறிக் கையெழுத்துப் போட்டாள். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் செமுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லட்டும். காராமணி தின்னி என்று ஒரே ஒரு தடவை சொல்லட்டும், போதும்.

செமு தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். தலை குனிந்திருந்தது.

"உக்காருங்கம்மா," என்றான்.

"செமு," என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "என்னைத் திட்டுடா."

"வேணாங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.