கடலில் விட்ட வேட்டி

எனக்கு அப்போது ஏழரைச் சனி. கட்டியிருக்கும் வேட்டியைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறு, பீடை விலகும். வேட்டியை எடுக்கிறவனுக்கு அந்தப் பீடை போய்ச் சேரும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். எண்பத்திரண்டில் ஆடி அமாவாசைக்குச் சங்கரன்கோவிலிலிருந்து எங்கள் நெசவாளர் தெருவே வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போனது. எல்லோரும் குளித்து, பீடை போக ஆளுக்கொரு துணியைக் கடலில் விட்டோம். நான் விட்டது நானே நெய்த பச்சைக்கரை வேட்டி.

பக்கத்துத் தறிக்காரி அன்னக்கிளி மட்டும் விடவில்லை. கஞ்சப்பிசினாரி என்று கிண்டல் செய்தேன்.

சாப்பிட்டு வேனில் ஏறப்போகையில் அலை ஓர் ஆமையைக் கரையில் தள்ளியது. யாரோ கடலில் போட்ட நைலான் வலை அதன் கழுத்தையும் ஒரு துடுப்பையும் இறுக்கியிருந்தது. வலையோடு நாங்கள் விட்ட துணிகள். மேலே பச்சைக்கரை. எல்லோரும் பின்வாங்கினோம். அன்னக்கிளி போய் மணலில் உட்கார்ந்தாள்.

"தொடாத தாயி! என் சனி உனக்கு ஒட்டிக்கிடும்!" என்று கத்தினேன்.

"ஒட்டட்டும் அண்ணாச்சி. இது மூச்சுக்குத் தவிக்குது."

டிரைவர் பாதுஷா கத்தியோடு ஓடிவந்தார்.

"வேண்டாம்ணே, நூலு சதைக்குள்ள இறங்கிட்டு. கத்தி பட்டா கழுத்து போயிரும்" என்று தடுத்தாள் அன்னக்கிளி.

கொண்டை ஊசியை உருவி, தறியில் சிக்கிய பாவு நூலைப் பிரிப்பது போல நுனி தேடி ஒவ்வொரு கண்ணியாக நெகிழ்த்தினாள். நானும் முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவன்தான். அப்படி ஒரு பொறுமையை அதுவரை பார்த்ததில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. விரலில் ரத்தம் கசிந்தது. அவள் நிமிரவே இல்லை.

கடைசிக் கண்ணி விட்டதும் ஆமை கழுத்தை நீட்டியது. அடுத்த அலையில் போயே போய்விட்டது. பாதுஷா கைதட்டினார்.

அவளோ துணிகளையும் வலையையும் வாரி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"எதுக்கு தாயி அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"இங்கன போட்டா அடுத்த ஆமை கழுத்துல மாட்டும்லா."

எல்லார் பீடையையும் சுமந்துகொண்டு தனியாக நடந்தாள். வேனில் யாரும் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று தெரிந்தே நடந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு.

ஓடிப்போய் அந்தச் சுமையிலிருந்து என் வேட்டியை உருவினேன்.

"அண்ணாச்சி, சனி?"

"என் சனிதானே தாயி. நானே வச்சுக்கிடுதேன்."

உதறி இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஈரம் சில்லென்று இருந்தது. பின்னாலேயே, வேனில் ஏறியிருந்தவர்கள் அவரவர் துணியை எடுத்துக்கொள்ள ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.