நான்கு சிவப்பு மூடிகளும் ஓர் ‘ஆ’வும்

1

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்தபடி கேட்டேன். வியப்பால் அல்ல. என் வாய்க்குள் ஒரு பல் டாக்டரின் இரண்டு கைகளும் ஒரு சின்னக் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்தன. கன்னத்தை ஒதுக்கிவைக்கப் பஞ்சு உருண்டைகள் வேறு. கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை. டாக்டர் பேச்சுப் பிரியர். பதில் பேச முடியாதவர்களிடமே காலமெல்லாம் பேசிப் பழகியதால் யாரும் குறுக்கிடுவார்கள் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. நடுவில் எனக்கு ஏழெட்டுச் சந்தேகங்கள் வந்தன. ஒன்றையும் கேட்க முடியவில்லை. ஆகவே கதையில் எங்காவது ஓட்டை தெரிந்தால் அதற்குக் காரணம் என் சோம்பல் அல்ல, பஞ்சு.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“சிவப்பு ஆபத்தின் நிறம் என்று யார் சொன்னது? அது நம்பிக்கையின்—”

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

“மின்சாரக் காரில் வேகமிதியிலிருந்து காலை எடுத்ததும், ஓடும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்ற, அந்தச் சுழற்சியே மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்ப, அதனால் வண்டியின் வேகம் தானாகக் குறைய—”

இதைப் படித்துவிட்டு என் மனைவி, “இது கதையா, கார் வாங்கினா கூடக் கொடுக்கற புஸ்தகமா?” என்று கேட்டாள். (ஆனாலும் விஷயம் அதுதான். இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் போதும், மீதிக் கதை தானாகப் புரியும். அதனால் அடித்தும் அடிக்காமலும் விட்டு வைத்திருக்கிறேன்.)

“அத்தை காரை விட்டு இறங்கியதும் தன் மகளிடம் சொன்னார்: ‘உன் புருஷன் வண்டியில பிரேக்கே இல்ல.’”

இதில் ஆள் இருக்கிறது, புகார் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அத்தை என்றால் பல் டாக்டருக்கு அத்தை, அதாவது மாமியார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தேர்வு அறையில் மேசைக்கு அடியில் யார் கால் எப்படி அசைகிறது என்பதை வைத்தே பிட் அடிப்பவனைப் பிடித்துவிடுவார் என்று பெயர். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, பிசியோதெரபிக்காக வாரம் மூன்று முறை ஊரின் மறுகோடிக்குப் போய்வர வேண்டியிருந்தது. மருமகனிடம் புத்தம்புது மின்சாரக் கார் இருந்தது. கணக்கு நேராகத்தான் இருந்தது, முதல் பயணம்வரை.

டாக்டர் அந்தக் காரை வாங்கிய பிறகு வேறு ஆளாகிவிட்டிருந்தார். பிரேக்கைத் தொடாமலே வண்டி ஓட்டுவது அவருக்கு ஒரு விரதம் போல. காலை எடுத்ததும் வண்டி எவ்வளவு வேகமாக அடங்க வேண்டும் என்பதற்குத் திரையில் மூன்று அளவுகள் இருந்தன. அதில் கடைசி அளவை வைத்துக்கொள்வார். வேகமிதியிலிருந்து காலை எடுத்தால் போதும், யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல வண்டி அடங்கி நிற்கும். பாலத்திலிருந்து இறங்கும்போது சார்ஜ் ஒரு சதவீதம் ஏறிவிட்டால் அன்று முழுக்க நோயாளிகளுக்கெல்லாம் அந்தச் செய்திதான்.

அத்தை முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். சாலையைப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் மருமகனின் காலைப் பார்த்தார். சிக்னல் வந்தது, லாரி வந்தது, வேகத்தடை வந்தது. அந்தக் கால் பிரேக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் பிரேக் போடும் பொறுப்பை அத்தை தன் தலையில் போட்டுக்கொண்டார். தன் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை மிதித்தார், மிதித்தார், வீடு வரும்வரை மிதித்தார். வண்டி வெட்டி வெட்டி அடங்கியதில் இறங்கியபோது வயிற்றைப் புரட்டியது; விரிப்பில் குதிகால் பள்ளம் விழுந்திருந்தது.

“அத்தை, காலை எடுத்தாலே வண்டி நின்னுடும். அதுதான் இதோட விசேஷமே.”

“சரி. நிக்கலைன்னா?”

“அதுக்குத் தனியா பிரேக் இருக்கு, அத்தை.”

“இருக்கறதை யாரு பார்த்தா? நீங்க அதைத் தொட்டதே இல்லையே, மாப்பிள்ளை.”

மறுமுறை அத்தை கைத்தடியோடு பஸ்ஸில் போனார். படியில் தடுமாறி விழப்போனவரைக் கண்டக்டர் தோளைப் பிடித்து நிறுத்தினார். அன்று மாலை டாக்டரின் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னார்: “எங்கம்மா உங்க வண்டியில ஏறணும். இல்லன்னா நீங்க எங்கம்மாகூட தினமும் பஸ்ல போய் வரணும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

இந்த இடத்தில் டாக்டர் என் பல்லைக் குடைவதை நிறுத்தினார். “கல்யாணமான நாள்லேருந்து அந்தம்மா கையால எனக்கு ஒரு பாஸ் மார்க் கிடைச்சதில்ல, சார். பஸ்ஸுல போறது பெரிசில்ல. அவங்க நிஜமாவே விழுந்துட்டா, நான் என் மூஞ்சியிலயே முழிக்க முடியாது,” என்றார். நான் “ஆ” என்றேன்.

4

[இந்தப் பகுதியில் இயற்பியல் இருந்தது. மனைவியின் கொட்டாவியை முன்னிட்டு நீக்கப்பட்டது.]

5

சக்கரத்தோடு சேர்ந்து உள்ளே ஒரு வட்டத் தட்டு சுற்றும். பிரேக்கை மிதித்தால் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிப்பது காலிப்பர் என்ற இரும்புக் கவ்வி. பந்தயக் கார்களில் அது பெரிதாக, சிவப்பாக, சக்கரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். டாக்டரின் காரில் அது சுண்டெலி போல உள்ளே ஒடுங்கிக் கிடந்தது.

கார் அலங்காரக் கடையில், தலையாட்டும் நாய்பொம்மைகளுக்கும் வாசனைப் புட்டிகளுக்கும் நடுவே, அவர் அந்தச் சிவப்பு மூடிகளைப் பார்த்தார். நான்கு. காலிப்பரின் மேல் ஒட்டிவிட்டால் சுண்டெலி சிங்கமாகிவிடும். சொத்தைப்பல்லுக்குக் கேப் போட்டுப் புன்னகையைக் காப்பாற்றுவதே அவர் தொழில். பிரேக்குக்குக் கேப் போடுவதில் அவருக்குக் கூச்சம் வருமா?

“சாதா வண்டியில பிரேக் சூட்டுக்கு இந்தக் கலர் மங்கிடும், சார்,” என்றார் கடைக்காரர். “உங்களுது எலக்ட்ரிக். பிரேக்குக்கு வேலையே கிடையாது. ஆயுசுக்கும் புதுசாவே இருக்கும்.”

(வேலையில்லாத இடத்தில்தான் அலங்காரம் நிலைக்கும் என்ற பொருளில் கடைக்காரர் வாயில் ஒரு அரைப்பக்க வசனத்தைத் திணித்திருந்தேன். மறுநாள் படித்தபோது, அவருக்குக் கல்லாவில் ஆள் காத்திருப்பது ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன்.)

பசை காய்ந்ததும் டாக்டர் அத்தையைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தார். “பாருங்க அத்தை. உங்களுக்காகவே பெரிய பிரேக்கா மாத்திட்டேன்.”

அத்தை குனிந்து பார்த்தார். கைத்தடியின் நுனியால் அந்தச் சிவப்பை ஒரு தட்டுத் தட்டினார். ‘டொக்’ என்றது.

“பெரிசாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

6

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் காரில் ஏறிய அத்தையின் கால் மட்டும் விரிப்பை மிதிப்பதை நிறுத்தவில்லை. அதைக் காணச் சகிக்காத டாக்டர், ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரையில் கடைசி அளவை முதல் அளவாகக் குறைத்தார். அன்றிலிருந்து அத்தை பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் நிஜப் பிரேக்கை நிஜமாகவே மிதித்தார். அத்தை கண்ணில் படவேண்டும் என்று முழங்காலை ஒரு முழம் தூக்கித் தூக்கி மிதித்தார். பேட்டரிக்குத் திரும்ப வேண்டியதெல்லாம் சூடாகிக் காற்றோடு போனது. “ஒவ்வொரு மிதிக்கும் நெஞ்சு வலிக்கும், சார்,” என்றார் டாக்டர்.

ஆக, அந்தக் காரில் இரண்டு கால்கள். ஒன்று தேவையில்லாத பிரேக்கை மிதித்தது, மற்றொன்று இல்லாத பிரேக்கை மிதித்தது. வண்டி என்னவோ ஒழுங்காகத்தான் நின்றது.

பிறகு சர்வீஸுக்கு விட்டார்கள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “எலக்ட்ரிக் வண்டியில பிரேக் தட்டெல்லாம் துரு ஏறிக் கிடக்கும், சார். யாரும் மிதிக்கறதே இல்ல. உங்களுது மட்டும் பளபளன்னு இருக்கு,” என்று பாராட்டினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இடது முன்சக்கரத்தில் சிவப்பு மூடியைக் காணோம்.

பிரேக் சூட்டில் பசை இளகி எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. எங்கே? யார் பார்த்தார்கள்? அத்தை ஏறி இறங்குவது இடது பக்கம்தானே?

இந்த இடத்தில் டாக்டர் என் வாயிலிருந்து கையை எடுத்து, “கொப்புளிச்சுக்கோங்க. வியாழக்கிழமை வாங்க, கேப் போட்டுடலாம்,” என்றார். கேட்க வாய் கிடைத்தபோது அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

7

வியாழன் வருவதற்குள் முடிவுகளை நானே தயாரித்துப் பார்த்தேன்.

முதல் முடிவில் ஒரு நாய் சாலையின் குறுக்கே ஓடி வருகிறது. துருவேறாத பிரேக்குகள் அதைக் காப்பாற்றுகின்றன, மாமியாரும் மருமகனும் கண்கலங்குகிறார்கள். “உங்க கதையில நாய் வந்தாலே அது எதுக்கு வருதுன்னு தெரிஞ்சுடுது,” என்றாள் மனைவி. நாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதில் அத்தை மூடியைக் கண்டெடுத்து, மருமகனை நிற்கவைத்து—

அதை எழுதக் கை வரவில்லை. அந்த மனிதர் கையில்தானே என் பாதிப் பல் இருக்கிறது.

8

வியாழக்கிழமை. காத்திருப்பு அறையில் மீன்தொட்டி, பழைய பத்திரிகைகள், நீட்டிய வலது கால், ஒரு கைத்தடி. பிசியோதெரபி முடிந்து, மருமகனோடு வீடு திரும்பக் காத்திருந்த அத்தையேதான்.

“நீங்கதான் கதை எழுதறவரா? மாப்பிள்ளை சொன்னாரு,” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்தார். கைக்குட்டைக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

“முதல்நாள் தட்டிப் பார்த்தப்பவே தெரியும், வெறும் மூடின்னு,” என்றார். “இது வாசல்ல கழண்டு கிடந்தது. எடுத்து வெச்சிருக்கேன்.”

“அப்புறம் ஏன் ஏறினீங்க?”

“பிட் அடிக்கற பசங்கள்ல சிலபேர் அவ்வளவு பொடி எழுத்துல, அவ்வளவு அழகா எழுதிட்டு வருவாங்க. அந்தப் பாடுபட்டதுக்காகவே விட்டுடலாம்னு தோணும். எனக்காக இந்த மனுஷன் மண்டி போட்டு உட்கார்ந்து நாலு சக்கரத்துக்கும் ஒட்டியிருக்காரு. எப்படி ஏறாம இருக்கறது?”

இப்போதும் அந்த விரிப்பை மிதிப்பது ஏன் என்று கேட்டேன்.

“நான் நிறுத்தினா அவரும் நிறுத்திடுவாரே. பழையபடி காலை எடுத்தே வண்டியை நிறுத்துவாரு, எனக்கு வயித்தைப் புரட்டும். அதோட அந்தப் பிசியோதெரபி பொண்ணு வேற, காலுக்கு நல்ல பலம் வந்திருக்குன்னு சொல்லுது,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியும்னு மட்டும் எழுதிடாதீங்க. அவரு ரொம்பச் சந்தோஷமா இருக்காரு. அதைக் கெடுத்தா எனக்குத் தாங்காது.”

சரி என்று தலையாட்டினேன்.*

* தலையாட்டியது உண்மை. எழுதிவிட்டதும் உண்மை. டாக்டர் பத்திரிகைகளில் கார் பக்கத்தைத் தவிர வேறெதையும் புரட்டுவதில்லை என்ற தைரியம்தான். இருந்தாலும் அந்த அறையில் இந்த இதழைப் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து இதன்மேல் வேறொன்றை வைத்துவிடுங்கள்.

9

நாற்காலி சாய்ந்தது. பஞ்சு, குழாய், கண்ணாடி, இரண்டு கைகள்.

“கேப் கச்சிதமா உட்காருது,” என்றார் டாக்டர். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொல்பவர் போல என் காதருகே குனிந்தார். “சார், அந்தக் கதை எழுதிட்டீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது வெறும் மூடின்னு கடைசில எங்க அத்தைக்குத் தெரிஞ்சுடுதா?”

அவர் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. வாசலில் அத்தை, கைப்பையை மார்போடு அணைத்தபடி. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. கண் மட்டும் என்மேல் இருந்தது. தேர்வு அறையில் அந்தக் கண்ணுக்கு எத்தனை பேர் நடுங்கியிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“ஆ,” என்றேன்.

“தெரியுதா, தெரியலையா?”

“ஆ.”

டாக்டர் விளக்கை நகர்த்திவிட்டு மெல்லத் தலையாட்டினார். வாசலில் அத்தையும் தலையாட்டினார். நான் சொன்னது இருவருக்குமே புரிந்துவிட்டது போலிருந்தது. என்ன புரிந்தது என்று கேட்க என்னால் ஆகவில்லை.

உங்கள் வாயில் பஞ்சு இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.