தலைமாட்டில் ஓர் ஆள் இடம்

ஜெபமாலையை அப்பாவின் விரல்களுக்குள் செருக முடியாமல் மூன்றாவது முறையும் தோற்றாள் ஜெம்மா. ஐம்பது வருடம் வலைக்கயிறு இழுத்த விரல்கள். உயிரோடு இருந்தபோதே அவை நேரே நிமிர்ந்ததில்லை. கடைசியில் மாலையை மணிக்கட்டில் இரண்டு சுற்றாகச் சுற்றி, சிலுவையை நெஞ்சின் மேல் வைத்தாள்.

“அது மதி பிள்ளே, போதும்,” என்றாள் பக்கத்து வீட்டுச் சுமி. “மாதாவுக்குத் தெரியும் அவருக்க கை.”

விடியற்காலை ஐந்தரைக்குப் போன உயிர். மூன்று மணிக்கு அடக்கம் என்று கோயில் அச்சன் சொல்லிவிட்டார். அப்பா ரபேலின் ஒரே மகன், அவள் தம்பி ஷிபு, கொச்சியிலிருந்து ஆழ்கடல் மீன்பிடி போட்டில் போய் ஒன்பது நாள். கரை பிடிக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். வயர்லெஸில் சொல்லட்டுமா என்று போட்டுக்காரர் கேட்டதற்குச் சித்தப்பாதான் வேண்டாம் என்றார்.

“திரும்ப ஏலாத இடத்துல வச்சு செல்லுனா பய என்ன செய்வான்? வலைய இழுப்பானா, கெடந்து அழுவானா? வரட்டு. வந்து அறியட்டு.”

போகிற அன்று, ‘நெஞ்சு ஒரு மாதிரி கெடக்கு, இந்தத் தடவை போவண்டாம் மக்கா’ என்று அப்பா சொன்னார். ‘உமக்கு எப்பவும் இதுதான்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவன் அவன். திரும்பிப் பார்க்கவில்லை. இனி அவன் பார்க்கப்போவது படத்தை மட்டும்தான். அந்தப் படத்தை யார் எடுப்பது என்பதில்தான் காலையிலிருந்து வீட்டுக்குள் வழக்கு.

சித்தப்பாவுக்கு ஈசாக்கு போதும். பாறசாலையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். முப்பது வருடமாக இந்தக் கரையில் சாவு விழுந்தால் பெட்டிப்படம் அவருடையதுதான். இளவட்டங்களுக்கு ரெனில் வேண்டும். இதே கரைப் பையன். அவன் எடுத்த படங்கள் திருவனந்தபுரத்துக் கண்காட்சிகளில் சுவர் சுவராகத் தொங்குகின்றன.

“முடிவ நீ செல்லு. உனக்க அப்பன்,” என்றுவிட்டுச் சித்தப்பா முற்றத்துக்குப் போனார்.

ஜெம்மா அலமாரியைத் திறந்து அம்மாவின் அடக்க ஆல்பத்தை எடுத்தாள். அது ஈசாக்கு எடுத்தது. உயரப்படி நிற்க வைத்த ஆட்கள். கண்ணைத் துடைங்க, மூக்கைத் துடைங்க, பெட்டியப் பாக்காதீங்க, என்னப் பாருங்க என்று அவர் சொன்னது இப்போதும் காதில் உண்டு. ஒருவர் முகத்திலும் ஈரமில்லை. ஒரு கல்யாணப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் பெட்டியைப் பார்த்துத்தான் எது சாவு என்று சொல்ல முடியும். அப்போது பன்னிரண்டு வயசு ஷிபுவுக்கு. ஆல்பம் வந்த அன்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, “அக்கா, இதுல ஆருமே அழல்லியே” என்றான். பிறகு அவன் அதைத் தொடவே இல்லை.

ஆனால் அம்மாவின் முகம்! வியாதி தோண்டி எடுத்த கன்னத்தில் எப்படியோ வெளிச்சத்தை நிரப்பி வைத்திருந்தார் மனிதர். ஆஸ்பத்திரியில் கிடந்த முகம் ஜெம்மாவுக்கு மறந்தே போய்விட்டது. இந்த முகம்தான் மிச்சம்.

ரெனில் செத்தவர் முகத்தை எடுக்கவே மாட்டான். வாசலில் குவிந்த செருப்புகளை எடுப்பான். கதவு நிலையைப் பிடித்த ஒரு கையை எடுப்பான். எல்லாம் கறுப்பு வெள்ளை. சுமியின் கணவன் கடலில் செத்துப்போனபோது, மணலில் கிடந்து வாய் பிளந்த சுமியை எடுத்தான். அந்தப் படத்தின் முன்னால் நின்று முன்பின் தெரியாதவர்கள் அழுதார்களாம்.

“அக்கா, நீ செல்லு. ரெனிலு எடுக்கட்டா?” என்று சுமியிடம் கேட்டாள் ஜெம்மா.

சுமி ஊதுபத்திச் சாம்பலை விரலால் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

“அது நல்ல படமாக்கும். கள்ளம் ஒண்ணும் இல்ல. நான் அப்படித்தான் கெடந்தேன்.” கூட்டிய சாம்பலை ஓரமாகத் தள்ளினாள். “போன மாசம் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில வரிசையில நிக்கேன். ஒரு நர்ஸ் வந்து, ‘ஆ ஃபோட்டோயிலெ சேச்சி அல்லே’ன்னு, அந்தப் படத்துல உள்ள அக்காதானேன்னு கேக்குதா. நான் அந்த மணல விட்டு எழும்பி வந்து நாலு வருஷமாச்சு பிள்ளே. படத்துல உள்ளவ இன்னும் எழும்பல்ல.”

ஜெம்மா ஆல்பத்தை மூடினாள். சித்தப்பாவைக் கூப்பிட்டு, ஈசாக்கு வரட்டும் என்றாள்.

இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் ஈசாக்கு. கேமராப் பையிலிருந்து முதலில் வெளியே வந்தது பவுடர் டப்பா. முற்றத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற ரெனிலைப் பார்த்தார்.

“எலே, நீ இன்னும் கலர் வாங்கல்லியா?”

“நீங்க பவுடர் வாங்குறத நிறுத்துங்க மாமா, நான் கலர் வாங்குறேன்.”

பந்தலுக்கடியில் இருந்தவர்கள் சிரிப்பைத் தோள்துண்டில் துடைத்தார்கள்.

ஈசாக்கு அப்பாவின் நெற்றியில் மெல்ல ஒற்றினார். காலர் மடிப்பை நேராக்கினார். பிறகு ஆட்களை நிறுத்தத் தொடங்கினார். சித்தப்பா கால்மாட்டில். ஜெம்மா தலைமாட்டுக்குச் சற்று தள்ளி.

“நீ இன்னும் கொஞ்சம் தள்ளு மக்கா. தலைமாடு மகனுக்க இடம். ஓர் ஆள் நிக்க இடம் விடு.” குரலைத் தாழ்த்தினார். “ஷிபு வெள்ளச் சட்ட போட்ட படம் ஒண்ணு எடுத்துத் தா. நான் சேத்துக்குவேன். ஆருக்கும் தெரியாது. துபாயில கெடந்த எத்தன பிள்ளையள அப்பன் தலைமாட்டுல கொண்டு நிறுத்தியிருக்கேன்!”

பெருமைக்குச் சொல்லவில்லை. இரக்கத்தில்தான் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்தது.

அவள் தலையைத் திருப்பினாள். பந்தல் காலுக்குப் பக்கத்தில் ரெனில் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தியிருந்தான். அது அப்பாவைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. அவளுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆளில்லாமல் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு படத்தில் ஷிபு வந்து நிற்பான். இன்னொன்றில் வராமலே நிற்பான். இரண்டில் எதைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுப்பது?

“எல்லாரும் என்னப் பாருங்க,” என்றார் ஈசாக்கு.

ஜெம்மா கையை நீட்டினாள். வெற்றிடத்துக்குக் குறுக்கே, தோள் உயரத்துக்கு. அவளுடைய தோளல்ல. தம்பி அவளைவிட ஒரு சாண் உயரம். கை அந்த உயரத்தில் போய் நின்றது.

“மக்கா, கைய எடு. கை இருந்தா பின்ன ஷிபுவ ஒட்ட ஏலாது.”

“எடுங்க மாமா.”

“கை கடுக்கும் பிள்ளே.”

“எடுங்க.”

ஈசாக்கு கேமராவுக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு குனிந்தார். என்னைப் பாருங்க என்று இன்னொரு தடவை அவர் சொல்லவில்லை. அவரவர் பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க, படம் எடுத்தார்.

மாதா பள்ளியில் மணி அடித்தது. அச்சன் ஜெபம் சொல்லி முடிக்க, பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். கால்மாட்டில் இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவர். தலைமாட்டில் மகன் பிடிக்கவேண்டிய இடத்தில் ஆளில்லை. ஜெம்மாவின் கை மறுபடியும் அங்கே நீண்டிருந்தது. ரெனில் கேமராவை முதுகுக்குத் தள்ளிவிட்டு, அந்தக் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து, பெட்டியைப் பிடித்தான்.