திருமங்கலம் ரோட்டில் திரும்பிய வண்டி

மதுரையில் இருந்த பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுகிர்தத்துக்கு அது முதல் நாள். சென்னைப் பட்டணத்தில் பிறந்து, அங்கேயே படித்தவள். காலையில் பெரிய டாக்டரம்மா அவளையும் கூடச் சேர்ந்த இன்னொரு புது டாக்டரையும் வார்டு வார்டாக அழைத்துப்போய்க் காட்டினார். "நோயாளியோடு ஒருத்தர் போதும். கூட்டம் சேர விடாதீர்கள்" என்றும் சொல்லிவைத்தார்.

மத்தியானம் சுகிர்தம் தனியாக வந்தபோது, டைபாய்டு காய்ச்சலில் கிடந்த முத்துத்தாயின் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது.

"எல்லாரும் வீட்டுக்குப் புறப்படுங்க. இனிமே இங்க இருந்து பிரயோஜனம் இல்லை" என்றாள்.

பெண்கள் துணிமணிகளை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினார்கள். புருஷன் மலைச்சாமி மட்டும் கும்பிட்டான். சொன்னதும் கேட்கிறார்களே என்று அவளுக்குத் திருப்தி.

பிரசவ அறையில் வேலை முடிந்து திரும்பினால், கட்டில் காலி.

பக்கத்துக் கட்டில் ராமக்காள்தான் சொன்னாள். "நீங்கதான கைய விரிச்சிட்டீக? உசுரு வீட்டுல போகட்டும்னு வண்டியில போட்டுத் திருமங்கலம் ரோட்டுல கொண்டு போயிட்டாக."

சுகிர்தம் வெளியே ஓடினாள். டைபாய்டில் புண்ணாகிக் கிடக்கும் குடல் வண்டிக் குலுக்கலைத் தாங்காது. வாசலில் நின்ற ஜட்கா குதிரைவண்டியில் ஏறி, திருமங்கலம் ரோட்டில் விரட்டச் சொன்னாள்.

பசுமலை தாண்டியதும் மாட்டுவண்டி தெரிந்தது. பெண்கள் அழுதபடி பின்னால் நடந்தார்கள். சுகிர்தம் வண்டியை நிறுத்தி, வைக்கோலில் ஏறி உட்கார்ந்து நாடி பார்த்தாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது; குடல் கிழியவில்லை. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"நான் போகச் சொன்னது உங்களை. இவங்களை இல்லை. இவங்க பிழைச்சுக்குவாங்க."

மலைச்சாமி அவளையே பார்த்தான். "அத அங்கனயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அவன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தங்கை அன்னக்கொடி பதறினாள். "மதினி பொழைக்காதுன்னு ஊருக்குச் சேதி சொல்ல மொக்கையன் அண்ணே போயிட்டாரே."

வண்டிக்குள்ளிருந்து முத்துத்தாயின் குரல் மெல்ல வந்தது. "இம்புட்டுத் தூரம் அழுதுக்கிட்டே வந்தீக. ஒருத்தருக்காச்சும் எனக்குத் தண்ணி குடுக்கணும்னு தோணுச்சா?"

அழுகையும் சிரிப்புமாக அன்னக்கொடி செம்பை எடுத்து நீட்டினாள். மாடுகளை மெதுவாகத் திருப்பினார்கள். முத்துத்தாயின் தலையை மடியில் தாங்கியபடி, சுகிர்தமும் அதே வண்டியில் வந்தாள்.

மறுநாள் காலையில் மொக்கையனோடு பாதி ஊர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. முத்துத்தாய் பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். சுகிர்தம் இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்பினாள்.