மேனேஜர் ஆர்டர்

காங்கிரீட் போட்டுப் பத்தாவது நாள். மேல்தளத்தில் சிமெண்ட் கலவையால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். மொக்கம்மாள் டியூபை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்தியாக நிரப்பி வந்தாள். தேவாரத்து வெயிலுக்குக் காலையில் நிறுத்திய தண்ணீர் மத்தியானம் பாதிகூட இருக்காது.

"நாத்த நட்டா ஒரு போகம் எடுத்துரலாம் போலத்தா," என்றாள்.

சைட் இன்ஜினியர் ஹேமாவதி சிரிக்கவில்லை. கீழே ஈஸ்வரபாண்டி வண்டியை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கல்யாண மண்டபத்தைக் கட்டுகிற காண்ட்ராக்டரின் மச்சினன் அவன். அதனால் புராஜெக்ட் மேனேஜர். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன். பதினொரு மணிக்கு முன்னால் வராத ஆள், எட்டரைக்கே கையில் ஒரு கவரோடு வந்து நின்றான்.

"மேடம், கொஞ்சம் கீழ வாங்க."

நாலு வருஷமாக 'ஏ புள்ள'. இன்றைக்கு மேடம். செருப்புக்குள் புகுந்த ஜல்லி மாதிரி அந்தச் சொல் உறுத்த, அவள் படி இறங்கினாள்.

"மச்சான் ஒங்களுக்கு ஆர்டர் போட்டுட்டாக. இனிமே நீங்கதேன் புராஜெக்ட் மேனேஜர்."

போன வருஷம் அவளே போய்க் கேட்ட வேலை. பி.இ. சிவில், முதல் வகுப்பு. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற அப்பா, கடன்பட்டுப் படிக்கவைத்த படிப்பு. கம்பி சரிபார்ப்பது, சிமெண்ட் கணக்கு, ஆட்களுக்கு வேலை பிரிப்பது எல்லாம் அவள்தான். ஆனால் காண்ட்ராக்டர், "படிப்பு இருக்கு, சரி. பொம்பளப் பிள்ள சொன்னா சென்ட்ரிங் ஆளுக கேப்பாகளா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே ராத்திரியில் ஆட்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்களா?

கடிதத்தைப் பிரித்தாள். கட்டுமானப் பொறுப்பு, பாதுகாப்புப் பொறுப்பு, எல்லாவற்றுக்கும் அவள் பெயர். தேதியைப் பார்த்தாள்.

"ஒண்ணாந்தேதின்டு போட்ருக்கு. இன்னைக்குப் பதினேழு."

"ஒண்ணுல இருந்தே சம்பளம் ஏறும்ல. கசக்குதா? கையெழுத்தப் போடுங்க."

"மத்தியானம் போடுறேன்."

"இப்பப் போட்டா என்ன? நாளைக்கு ஆபீசருக வாராக. ரெக்கார்டு சரியா இருக்கணும்."

"எந்த ஆபீசருக?"

"வழக்கமா வாரவுகதேன்."

இந்தச் சைட்டுக்கு இதுவரை எந்த ஆபீசரும் வந்ததில்லை. அவள் கடிதத்தை மடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

மொக்கம்மாளுக்கு அதற்குள் சேதி போயிருந்தது. "மேனேஜராமே. மேனேஜருன்டா என்ன வேலத்தா?"

"ஆளு, சாமான், நாளு எல்லாத்துக்கும் திட்டம் போடணும்க்கா. யாருக்கும் அடிபடாமப் பாக்கணும். எது நடந்தாலும் பதில் சொல்லணும்."

"ஈஸ்வரபாண்டி என்னைக்குப் பதில் சொன்னாப்ல? கேள்விதேன் கேட்டாப்ல." மொக்கம்மாள் டியூபை அடுத்த பக்கம் போட்டாள். "இந்தக் கடைசிப் பாத்தியில மட்டும் தண்ணி நிக்க மாட்டேங்குது. மூணு தடவ ஊத்திட்டேன்."

கடைசிப் பாத்தி, வாசல் போர்டிகோவுக்கு மேலே இருந்தது. ஹேமாவதி குனிந்து பார்த்தாள். ஈரத்துக்குள் முடி கனத்தில் ஒரு கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.

இறங்கி ஓடினாள். போர்டிகோவைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. காலையில் வரும்போது, வெயிலுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். விலக்கினாள். தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கட்டைகளில் ஒன்றுகூட இல்லை. தூணில் அவள் சாக்பீஸால் எழுதியது அப்படியே இருந்தது: 'இருபத்தெட்டாம் தேதி வரை முட்டுக் கட்டையைத் தொடக் கூடாது.' மேலே விரிசலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஓரிடத்தில் மட்டும் புதுமணல் தூவியிருந்தது.

மொக்கம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"நேத்து ஞாயித்துக்கெழம யாருக்கா பிரிச்சது?"

"பெரியகுளம் சைட்டுக்கு சென்ட்ரிங் ஷீட்டு வேணும்ன்டு ஈஸ்வரபாண்டிதேன் நின்னு பிரிக்கச் சொன்னாப்ல."

"சென்ட்ரிங் ஆளு சின்னக்கருப்பு இன்னைக்கு வரலையே. காய்ச்சல்ன்டு சொன்னாக."

மொக்கம்மாள் மணலைப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லத்தா. ஷீட்டோட வந்து விழுந்துட்டாப்ல. தொட எலும்பு ரெண்டு எடத்துல போயிருச்சு. தேனியில சேத்திருக்காக. வண்டியில இருந்து விழுந்தான்டு சொல்லச் சொன்னாக. அவன் பொண்டாட்டி பூமாரி மாட்டேன்டுட்டா. நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிட்டா."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நாளைக்கு வேல கெடையாதுன்டாக. ஒனக்குத் தெரியாதுன்டு எனக்கெப்படித் தெரியும்? நீயும் ஆபீஸ் ஆளுதானத்தா."

ஹேமாவதி தூணையும் விரிசலையும் போனில் படம் பிடித்தாள். ஈஸ்வரபாண்டி டீ குடித்துக்கொண்டிருந்தான். கடிதத்தை அவன் வண்டி சீட்டில் வைத்தாள்.

"நான் போட மாட்டேன். நேத்துப் பிரிச்சது நீங்க."

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வண்டியின் டேங்க் கவரிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். காங்கிரீட் போட்ட அன்றைய பதிவு அட்டை. காங்கிரீட் அன்றைக்கு ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். கறி வாங்கப் போன ஈஸ்வரபாண்டி சாயங்காலம்வரை திரும்பவில்லை. கலவை லாரி காத்து நின்றது. மேனேஜர் கையெழுத்து என்றிருந்த இடத்தில் அவளே போட்டாள். இந்தக் கையெழுத்துக்கு நான்தான் தகுதி என்கிற வீம்பில், பக்கத்தில் பி.இ. என்றும் எழுதியிருந்தாள்.

"இந்தா ஏழாந்தேதியே மேனேஜராப் போட்ருக்கீகள்ல. ஆர்டர்ல போடாட்டி என்ன மேடம்?" டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். "நான் படிக்காதவன். எனக்கென்ன தெரியும்ன்டு எல்லாருக்கும் தெரியும்."

அவள் அட்டையைப் பறிக்கக் கை நீட்டினாள். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தான். அட்டையோடு இவன் ஸ்டேஷனுக்குத்தான் போவான், அதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அவள் தன் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் பெயிண்டர் ஜெபராஜ், சைட் போர்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரபாண்டியின் பெயர்மேல் வெள்ளை அடித்திருந்தது. பழைய எழுத்துகள் இன்னும் லேசாகத் தெரிந்தன. அதற்குமேல் சிவப்பில் 'திட்ட மேலாளர்: ஹேமாவதி, பி.இ.' என்று புதிதாக எழுதி, முன்னால் ஓரெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"நல்ல வேளை வந்தீக," என்றார், தூரிகையைச் சிவப்பில் தோய்த்தபடி. "ஒங்க அப்பா பேரு என்னம்மா? இனிஷியல் போடணும்."